கிளாக்கோமா கூடுகிறது, ஆபரேஷன் வரலாம் என்கிறார்கள்: இந்தப் பயத்தோடு எப்படி இருப்பது?

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்: "வயது 52. ஏழு வருடமாக கிளாக்கோமா (கண் அழுத்த நோய்). மூன்று வகைச் சொட்டு மருந்து போடுகிறேன். போன வாரம் எடுத்த ஃபீல்டு டெஸ்டில் (பார்வைப் பரப்புச் சோதனை) இடது கண் முன்பைவிட மோசமாகத் தெரிகிறது, அழுத்தமும் 19 இருக்கிறது என்றார் டாக்டர். மருந்தை மாற்றி இரண்டு மாதம் பார்ப்போம், குறையாவிட்டால் ஆபரேஷன் பற்றி யோசிக்கலாம் என்றார். அன்றிலிருந்து தூக்கமில்லை. ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்த்துச் சோதித்துக்கொண்டே இருக்கிறேன். பார்வை போய்விடுமோ, ஆபரேஷனில் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். எப்படிச் சமாளிப்பது?"

நான் 22 வருடம் கண் பரிசோதகராக வேலை பார்த்தவள். ஃபீல்டு டெஸ்டில் நீங்கள் முகத்தை வைத்து உட்கார்ந்தீர்களே, அந்த வெள்ளைக் கிண்ணம், அதற்கு மறுபக்கம் உட்கார்ந்திருந்தவள். என் அக்காவுக்கும் கிளாக்கோமா. எட்டு வருடத்துக்கு முன்னால் அவளுக்கு இடது கண்ணில் ஆபரேஷன் நடந்தபோது கூடவே இருந்தேன். அதனால் இந்தப் பயத்தை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, உங்கள் கண்ணுக்கு என்ன செய்வது என்று அவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அவர் அறையில் கிடைக்கும் பத்து நிமிடத்தில் சொல்லி முடியாதவை நிறைய உண்டு. அவற்றைச் சொல்கிறேன்.

முதலில், டாக்டர் சொன்னது ஒன்று, உங்கள் காதில் விழுந்தது வேறொன்று. "ஆபரேஷன் பற்றி யோசிக்கலாம்" என்றதை "கண் கைவிட்டுப் போகிறது" என்று கேட்டிருக்கிறீர்கள். கிளாக்கோமா ஆபரேஷன் போன பார்வையைத் திருப்பித் தராது. இருக்கும் பார்வையைக் காப்பாற்றத்தான் அதைச் செய்கிறார்கள். காப்பாற்ற வேண்டியது இருப்பதால்தான் அந்தப் பேச்சே வந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள்: அவர் இரண்டு மாதம் தள்ளி வைத்திருக்கிறார். அந்த இரண்டு மாதத்தில் பெரிதாக எதுவும் நடந்துவிடாது என்ற கணிப்பு அவருக்கு இருக்கிறது. அவசரம் என்றிருந்தால் அன்றைக்கே தேதி குறித்திருப்பார்.

இந்த நோயின் வேகமும் உங்கள் பயத்தின் வேகமும் ஒன்றல்ல. உங்கள் தொல்லையின் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். கண்ணுக்குள் ஒரு தெளிந்த நீர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2 மைக்ரோ லிட்டர் வீதம் சுரந்துகொண்டே இருக்கிறது. கருவிழியும் வெள்ளை விழியும் சேரும் மூலையில் சல்லடை மாதிரி ஒரு திசு உண்டு. நீர் அதன் வழியே வடிந்து ரத்தத்தில் சேர்ந்துவிடும். வடிகால் மந்தமானால் அழுத்தம் ஏறும், கண்ணின் பின்பக்கம் பார்வை நரம்பு நசுங்கும். அந்த நரம்பில் சுமார் 10 லட்சம் இழைகள் இருக்கின்றன. பெரும்பாலானவர்களுக்கு வரும் திறந்த கோண கிளாக்கோமாவில் (அந்த வடிகால் மூலை திறந்தே இருக்கும், வடிவது மட்டும் மந்தமாகும் வகை) அந்த இழைகள் வருடக்கணக்கில், மெல்ல மெல்லத்தான் பட்டுப்போகின்றன. நேற்று இரவுக்கும் இன்று காலைக்கும் நடுவில் உங்களுக்குத் தெரிகிற மாதிரி எதுவும் மாறாது. பயமோ நிமிடத்துக்கு நிமிடம் புதிதாகக் கிளம்புகிறது. வருடக் கணக்கில் நகரும் ஒன்றை நிமிடக் கணக்கில் காவல் காத்தால் மனம் களைத்துத்தான் போகும்.

அடுத்து அந்த ஃபீல்டு டெஸ்ட். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எத்தனையோ பேர் அந்த அறையிலிருந்து கண் கலங்கி வெளியே வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கிண்ணத்துக்குள் அங்கங்கே வெளிச்சப் புள்ளி வரும், தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். உங்களுக்கு எவ்வளவு மங்கலான வெளிச்சம் வரை தெரிகிறது என்று அந்த இயந்திரம் தேடுகிறது. தெரிந்தால் அடுத்த புள்ளியை இன்னும் மங்கலாக்கும், தெரியாவிட்டால் கொஞ்சம் கூட்டும். அதனால் முழுப் பார்வை உள்ளவருக்கும் காட்டுகிற புள்ளிகளில் ஏறக்குறைய பாதி தெரியாது. அதன் அமைப்பே அப்படி. இது தெரியாமல், "ஐயோ, ரொம்ப நேரமாக ஒன்றுமே வரவில்லையே, எல்லாம் போய்விட்டது போல" என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மனம் அங்கே போனதும் கவனம் சிதறும். கவனம் சிதறினால் தெரியும் புள்ளிக்கும் பொத்தானை அழுத்த மறந்துவிடும். முடிவு மோசமாக வரும், அடுத்த முறை பயம் இன்னும் கூடும்.

தூக்கமில்லாத நாள், சளி, இமை கொஞ்சம் தொங்குவது, சரியில்லாத லென்ஸ், லேசாக வளரும் கண்புரை, இவை எல்லாமே ரிப்போர்ட்டில் கறுப்பைக் கூட்டி, உண்மையைவிட மோசமாகக் காட்டும். ஏற்கெனவே பாதிப்புள்ள இடங்களில் ஒரு டெஸ்டுக்கும் அடுத்ததற்கும் எண்கள் இன்னும் அதிகமாக ஏறி இறங்கும். அதனால்தான் கவனமான டாக்டர்கள் ஒரே ஒரு டெஸ்டை வைத்து "கூடிவிட்டது" என்று தீர்மானிப்பதில்லை. திரும்ப எடுத்து, அதே இடத்தில் அதே குறைவு வருகிறதா என்று பார்ப்பார்கள். நரம்பின் ஸ்கேனோடும் ஒப்பிடுவார்கள். உங்கள் டெஸ்ட் ஒருமுறைதான் எடுக்கப்பட்டதா, திரும்ப எடுத்தும் அப்படியே வந்ததா? இதை அடுத்த முறை தயங்காமல் கேளுங்கள். கேட்பதற்கு முழு உரிமை உண்டு, நியாயமான கேள்வியும்கூட.

டெஸ்டின்போது களைத்துப் போனால் டெக்னீஷியனிடம் சொல்லுங்கள், நிறுத்தித் தருவார். பரவலாகப் பயன்படும் இயந்திரத்தில் பொத்தானை அழுத்திப் பிடித்தாலே டெஸ்ட் நின்றுவிடும், விட்டால் மறுபடி தொடங்கும். கண்ணைச் சிமிட்டலாம். சிமிட்டக்கூடாது என்று யாரோ சொல்லிவைத்ததை நம்பி, கண் எரிய எரிய விழித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களைப் பார்த்து மனம் கஷ்டப்பட்டிருக்கிறது.

அழுத்தத்தைச் சொல்லும் எண்ணுக்கும் இதே கதைதான். பொதுவாக 10 முதல் 21 வரை (பாதரச மில்லிமீட்டர் கணக்கில்) சாதாரணம் என்பார்கள். ஆனால் கிளாக்கோமா உள்ளவருக்கு அந்த எல்லை பொருந்தாது. உங்கள் நரம்பு எந்த அழுத்தத்தைத் தாங்குமோ அதுதான் உங்கள் எல்லை. சிலருக்கு 19 போதும், சிலருக்கு 12க்குக் கீழே கொண்டுவர வேண்டியிருக்கும். ஒரே நாளில் அந்த எண் நாலைந்து புள்ளி ஏறி இறங்குவதும் உண்டு. அளக்கும்போது மூச்சைப் பிடித்தாலோ, கண்ணை இறுக்கினாலோ, கழுத்துப் பட்டன் இறுக்கமாக இருந்தாலோ கூடுதலாகக் காட்டும். போன முறை 17, இந்த முறை 19 என்று அந்த இரண்டு புள்ளிக்காக இரவெல்லாம் விழித்திருக்க வேண்டியதில்லை. ஒரு வருடத்து அளவுகளை வரிசையாக வைத்துப் பார்க்கும்போதுதான் அர்த்தம் கிடைக்கும்.

சரி, "பார்வை போய்விடுமா?" இந்தக் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். போன பார்வை திரும்பாது. கிளாக்கோமாவால் பார்வை இழந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் நோய் முற்றிய பிறகு வந்தவர்கள், அல்லது நடுவில் மருந்தை விட்டவர்கள். சிகிச்சையில் இருந்தும் இழந்தவர்கள் உண்டு, அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் காலம் மாறியிருக்கிறது. அமெரிக்காவின் ஓல்ம்ஸ்டெட் கவுண்டியில் திறந்த கோண கிளாக்கோமா உள்ளவர்களின் பல வருடப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். 1965 முதல் 1980 வரை நோய் கண்டறியப்பட்டவர்களில், 20 வருடத்தில் ஒரு கண்ணிலாவது பார்வை இழக்கும் வாய்ப்பு 25.8 சதவீதம். 1981 முதல் 2000 வரை கண்டறியப்பட்டவர்களில் அது 13.5 சதவீதம். ஏறக்குறைய பாதி. அதற்குப் பிறகு லேசரும் ஆபரேஷன் முறைகளும் இன்னும் மேம்பட்டிருக்கின்றன.

அழுத்தத்தைக் குறைத்தால் பலன் உண்டு என்பதிலும் சந்தேகமில்லை. சுவீடனில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், அழுத்தம் ஒரு புள்ளி குறையும்போது நோய் கூடும் ஆபத்து சுமார் 10 சதவீதம் குறைவதாகத் தெரிந்தது. 2000ஆம் ஆண்டு வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், ஆறு வருடமும் ஒவ்வொரு முறையும் அழுத்தம் 18க்குக் கீழே இருந்தவர்களுக்கு, சராசரியாகப் பார்த்தால், பார்வைப் பரப்பு குறையவே இல்லை. அவர்களுடைய சராசரி அழுத்தம் 12 சொச்சம். உங்கள் டாக்டர் 19ஐப் பார்த்து ஏன் யோசிக்கிறார் என்பது இப்போது புரியும். சாதாரண வரம்புக்குள் இருக்கிற எண்தான், ஆனால் உங்கள் இடது கண்ணுக்கு அது போதாமல் இருக்கலாம்.

இனி அந்தச் சோதித்துப் பார்க்கும் பழக்கம். நீங்கள் மட்டும் செய்வதில்லை. என் அக்கா கதவு நிலையைப் பார்த்து, ஜன்னல் கம்பியைப் பார்த்து, ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடிக்கொண்டே இருப்பாள். ஒரு நாளில் எத்தனை முறை என்று ஒருநாள் எண்ணச் சொன்னேன். மதியத்துக்குள் நாற்பதைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டாள்.

இப்படிச் சோதித்துப் பார்த்து கிளாக்கோமா கூடுகிறதா என்று கண்டுபிடிக்க முடியாது. ஒரு கண்ணை மூடிப் பார்த்தாலும், குறையும் இடத்தை மூளை நிரப்பிவிடுகிறது. சுவரைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடிந்தால் இவ்வளவு பெரிய இயந்திரம் எதற்கு? ஆனால் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் "ஒருவேளை" என்ற சந்தேகம் மட்டும் புதிதாகிவிடும். கண் வறட்சியால் வரும் லேசான மங்கல்கூட நோய் முற்றியது போலத் தோன்றும். சொட்டு மருந்து போடுகிறவர்களுக்குக் கண் வறட்சி மிகச் சாதாரணம்.

ஒரேயடியாக நிறுத்துங்கள் என்றால் நடக்காது. அக்கா செய்ததைச் சொல்கிறேன். வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு காலை, ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு முறை பார்ப்பது என்று வைத்துக்கொண்டாள். நடுவில் கை கண்ணுக்குப் போனால், "ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். முதல் பத்து நாள் தவிப்பாகத்தான் இருந்தது. அப்புறம் அந்த இழுப்பு தானாகக் குறைந்தது. சில ஞாயிறுகளில் அவளே மறந்துபோனாள்.

ஞாயிறுக்குக் காத்திருக்கக் கூடாத அறிகுறிகளும் உண்டு. திடீரென்று கண்ணில் கடுமையான வலி, சிவப்பு, விளக்கைச் சுற்றி வானவில் வளையம், கூடவே தலைவலி, வாந்தி என்றால் அன்றைக்கே, இரவானாலும், மருத்துவமனைக்குப் போக வேண்டும். திடீரென்று பார்வை இறங்கினாலும் அப்படியே. வலியே இல்லாமல் மனம் மட்டும் "ஏதோ குறைகிறது" என்று சொல்லிக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் பயம்தான். அதை எழுதி வைத்து அடுத்த முறை கேட்டால் போதும்.

இரவில் பயம் பெரிதாகும். உங்களுக்குள் ஓடுகிற படத்தில் நாளை ஆபரேஷன், மறுநாள் இருட்டு, அப்புறம் வேலை, பிள்ளைகள் என்று எல்லாம் ஒரே மூச்சில் நடந்து முடிந்துவிடும். எழுந்து உட்கார்ந்து அதைத் தாளில் எழுதுங்கள். "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று மட்டும் எழுதாமல், எதற்குப் பயம் என்று எழுதுங்கள். ஊசிக்கா? விழித்திருக்கும்போதே கண்ணைத் தொடுவார்கள் என்பதற்கா? தனியாக நடமாட முடியாமல் போவதற்கா? எழுதிப் பார்த்தால் பாதி, டாக்டரிடம் கேட்டாலே பதில் கிடைக்கும் கேள்விகளாக இருக்கும். மீதிப் பாதி இன்னும் நடக்காதவை. மாலையில் அரைமணி நேரத்தைக் கவலைப்படுவதற்கென்றே ஒதுக்கிவிட்டு, மற்ற நேரத்தில் வரும் கவலையை அதற்குத் தள்ளிவிடுவதும் பலருக்கு உதவுகிறது. கேட்க வேடிக்கையாக இருந்தாலும் மனநல ஆலோசகர்கள் பலகாலமாகச் சொல்லிவருகிற முறை அது.

மெதுவான மூச்சும் தியானமும் கிளாக்கோமாகாரர்களுக்கு மனதையும் தாண்டி உதவக்கூடும். டெல்லி எய்ம்ஸில் நடந்து 2018இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், 90 பேரில் ஒரு பாதியினர் மருந்தோடு சேர்த்து மூன்று வாரம் தினமும் தியானம் செய்தார்கள். அவர்களுக்குக் கண் அழுத்தமும், மன இறுக்கத்தின்போது ஏறும் கார்டிசோல் ஹார்மோனும் குறைந்திருந்தன. சிறிய ஆய்வு, மூன்றே வாரம். அதை நம்பி மருந்தை விட்டுவிடக் கூடாது. கூடவே செய்வதில் நஷ்டமில்லை, அவ்வளவுதான். ஆனால் ஒரு எச்சரிக்கை: மன அமைதிக்காக யோகாசனம் தொடங்குகிறவர்கள் சிரசாசனம் மாதிரித் தலைகீழாக நிற்கும் ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும். சிரசாசனத்தில் கண் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. மூச்சைப் பிடித்துப் பெரிய எடை தூக்குவதும் அழுத்தத்தை ஏற்றும். வேகமாக நடப்பது நல்லது. நடந்தால் அழுத்தமும் சற்று இறங்கும், தூக்கமும் வரும்.

கண் பயிற்சியால் கிளாக்கோமா குணமாகும், ஏதோ சாற்றைக் கண்ணில் விட்டால் போய்விடும் என்றெல்லாம் சொல்கிறவர்கள் இப்போது உங்களைத் தேடி வருவார்கள். பயத்தில் இருக்கிற மனம் எதையும் பிடித்துக்கொள்ளும். தயவுசெய்து வேண்டாம். அதை நம்பி ஒரு வருடத்தைத் தொலைத்துவிட்டு வந்தவர்களுக்கு நான் டெஸ்ட் எடுத்திருக்கிறேன். அந்த ரிப்போர்ட்டை அவர்கள் கையில் கொடுத்தது இன்னும் நினைவில் இருக்கிறது.

இந்த இரண்டு மாதத்தில் உங்கள் கையில் இருக்கிற ஒரே காரியம் சொட்டு மருந்து. அதை ஒழுங்காகப் போடுவது பயத்துக்கும் மருந்துதான், ஏனென்றால் செய்ய ஒரு வேலை கிடைக்கிறது. ஒரு சொட்டு போதும், அதுவே கண் தாங்குவதைவிட அதிகம். போட்டதும் கண்ணை மெல்ல மூடி, மூக்கோரம் கண்ணின் உள்மூலையை விரலால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்திக்கொள்ளுங்கள். மருந்து தொண்டைக்கும் ரத்தத்துக்கும் போகாமல் கண்ணிலேயே நிற்கும். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி விடுங்கள். பயத்தில் கூடுதலாகப் போட வேண்டாம். லட்டானோபிராஸ்ட் வகை மருந்தை ஒரு நாளில் ஒரு முறைக்கு மேல் போட்டால் அதன் பலன் குறையக்கூடும். உங்கள் மருந்துகளில் டிமோலால் இருந்து, அதைத் தொடங்கிய பிறகு சோர்வோ மனச் சோர்வோ மூச்சிரைப்போ வந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், சிலருக்கு அப்படி ஆவதுண்டு. வேறு எதற்காகவாவது ஸ்டீராய்டு மாத்திரை, களிம்பு, இன்ஹேலர் எடுக்கிறீர்கள் என்றாலும் மறக்காமல் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு கண் அழுத்தத்தை ஏற்றும்.

ஆபரேஷனுக்கு முன்னால் லேசர் என்ற படி உங்களுக்குப் பொருந்துமா என்றும் கேளுங்கள். வடிகால் சல்லடையில் லேசர் பாய்ச்சுவது சில நிமிட வேலை, வெட்டு கிடையாது. புதிதாக நோய் கண்டறியப்பட்டவர்களிடம் பிரிட்டனில் நடத்திய ஆய்வில், முதலில் லேசர் செய்துகொண்டவர்களில் 74 சதவீதம் பேருக்கு மூன்று வருடம் கழித்தும் சொட்டு மருந்து தேவைப்படவில்லை. ஏற்கெனவே மூன்று மருந்து போடும் கண்ணில் அந்த அளவு எதிர்பார்க்க முடியாது, ஆனாலும் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி.

இனி ஆபரேஷன். டிராபெக்குலெக்டமி என்று பெயர். 1968இல் கேர்ன்ஸ் என்ற மருத்துவர் இதை விவரித்தார். அதன் மேல் எத்தனையோ திருத்தங்கள் வந்து இன்றைக்கும் இதுவே முதன்மையான ஆபரேஷனாக இருக்கிறது. கண்ணின் வெள்ளைப் பகுதியில், மேல் இமைக்குள் மறையும் இடத்தில், சிறிய கதவு போல ஒரு மடிப்பு வெட்டி, அதற்கடியில் நீர் வெளியேற ஒரு வழி செய்கிறார்கள். நீர் மேல்தோலுக்கடியில் சேர்ந்து சின்ன மேடாக நின்று மெல்ல உறிஞ்சப்பட்டுவிடும். சிலருக்கு இதற்குப் பதிலாக நுண்ணிய குழாய் பொருத்துவார்கள்.

அன்றைக்கு என்ன நடக்கும் என்று தெரிந்தால் பயம் பாதி இறங்கும். பெரும்பாலும் முழு மயக்கம் கொடுப்பதில்லை, கண்ணைச் சுற்றி மரக்கச் செய்வார்கள். அந்த ஊசி போடும் சில விநாடிகள் அழுத்துவது போல இருக்கும், அதோடு சரி. "நான் கண்ணை மூடிவிட்டால்? அசைத்துவிட்டால்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். இமையைத் திறந்து வைக்க ஒரு சிறு கருவி இருக்கிறது, நீங்கள் முயன்றாலும் மூட முடியாது. மரத்துப்போன கண் பெரும்பாலும் அசையாது. கத்தி வருவதும் தெரியாது, வெளிச்சமும் நிறங்களும் கலங்கலாகத் தெரியலாம், பேச்சுக் குரல் கேட்கும். முகத்தின் மேல் துணி போடுவார்கள். அடைப்பது போலத் தோன்றும் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள், துணியைத் தூக்கிவிட்டுக் காற்று வர வழி செய்வார்கள், பதற்றம் குறைய மருந்தும் தருவார்கள். இருமல் வந்தால் இருமுவதற்கு முன் சொன்னால் போதும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

என் அக்காவுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று உண்டு. ஆபரேஷன் முடிந்ததும் பார்வை உடனே பழைய நிலைக்கு வராது. வாரக்கணக்கில் மங்கலாக இருக்கும், சிலருக்கு இரண்டு மூன்று மாதம்கூட ஆகும். இது தெரியாததால் என் அக்கா பத்து நாள் அழுதாள். ஆபரேஷன் கெட்டுவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டாள். எனக்கே இது நன்றாகத் தெரிந்திருந்தும், முன்னால் அவளிடம் சொல்லத் தோன்றவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு, அதனால்தான் உங்களிடம் அழுத்திச் சொல்கிறேன். புதுக் கண்ணாடிக்கு அளவெடுப்பதுகூட இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான்.

முதல் மாதம் அடிக்கடி வரச் சொல்வார்கள், வாரம் ஒருமுறையோ அதற்கு மேலோ. ஏதோ தவறு நடந்ததால் கூப்பிடுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். எவ்வளவு நீர் வெளியேற வேண்டும் என்பதைத் தையலைத் தளர்த்தியும் மருந்தைக் கூட்டிக் குறைத்தும் சரி செய்வது அந்த வாரங்களில்தான். அழுத்தம் சில நாள் மிகக் குறைந்து போகலாம், அல்லது ஏறலாம், பெரும்பாலும் சரி செய்துவிட முடியும். குனிவது, எடை தூக்குவது, கண்ணைக் கசக்குவது கூடாது. இரவில் கண்ணுக்குக் கவசம். அந்தக் கண்ணுக்குப் பழைய அழுத்த மருந்துகளை நிறுத்திவிட்டு வேறு சொட்டு தருவார்கள், மறு கண்ணுக்கு வழக்கமானதைத் தொடர வேண்டும். இங்கே பலர் குழம்புகிறார்கள், எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆபத்து இல்லாத ஆபரேஷன் கிடையாது. கண்புரை சீக்கிரம் வரலாம். தழும்பு வந்து வழி அடைபட்டு, மறுபடி மருந்தோ இன்னொரு ஆபரேஷனோ தேவைப்படலாம். கடுமையான பார்வை இழப்பு அரிது. கிருமித் தொற்றும் அரிதுதான், ஆனால் வருடங்கள் கழித்தும் வரலாம். அதனால் ஆபரேஷன் செய்த கண் எப்போது சிவந்து, வலித்து, பீளை தள்ளி, பார்வை மங்கினாலும் அன்றைக்கே காட்ட வேண்டும்.

மறுபக்கத்தையும் பாருங்கள். நோய் முற்றிய நிலையில் முதன்முறையாகக் கண்டறியப்பட்ட 453 பேரை வைத்து பிரிட்டனில் நடந்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. ஒரு பாதிக்கு முதலிலேயே ஆபரேஷன், மறுபாதிக்குச் சொட்டு மருந்து. இரண்டு வருடம் கழித்து வாழ்க்கைத் தரத்தில் இரு சாராருக்கும் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. சராசரி அழுத்தம் ஆபரேஷன் செய்தவர்களுக்கு 12.4, மருந்து போட்டவர்களுக்கு 15.1. ஆபரேஷன் செய்துகொண்டால் வாழ்க்கையே முடங்கிவிடும் என்று பயப்படுகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வது வழக்கம்.

அடுத்த முறை போகும்போது தனியாகப் போகாதீர்கள். பயத்தில் இருப்பவர் காதில் பாதிதான் விழும், மீதியைக் கேட்டு எழுதிக்கொள்ள ஒருவர் வேண்டும். என் இடது கண்ணுக்கு எந்த அழுத்தம் இலக்கு, கூடிய வேகம் வருடத்துக்கு எவ்வளவு, இதே வேகத்தில் போனால் என் ஆயுசுக்குள் என்ன ஆகும், ஆபரேஷன் செய்யாமல் ஆறு மாதம் தள்ளினால் என்ன ஆபத்து என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லை என்றால் எல்லா ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு இன்னொரு கிளாக்கோமா சிறப்பு மருத்துவரிடம் கருத்துக் கேட்கலாம். எந்த நல்ல டாக்டரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

இரண்டு மூன்று வாரமாகியும் தூக்கம் வராமல், வேலையும் ஓடாமல், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அந்த எண்ணம் வந்துவிட்டால் வாரக்கணக்குப் பார்க்காமல் அன்றைக்கே யாரிடமாவது வாய் திறந்து சொல்லுங்கள். கிளாக்கோமா உள்ளவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது, வெட்கப்பட எதுவுமில்லை. மனநல மருத்துவரிடம் கிளாக்கோமா இருப்பதைச் சொல்லிவிடுங்கள். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும் சில அலர்ஜி மாத்திரைகளும் குறுகிய கோண வகை (வடிகால் மூலை குறுகலாக இருப்பது) உள்ள கண்ணில் அழுத்தத்தைத் திடீரென ஏற்றக்கூடும். உங்களுக்கு எந்த வகை என்று கண் டாக்டரிடம் ஒரு வரி எழுதி வாங்கிக் கொடுத்தால், அவர் அதற்கேற்ற மருந்தைத் தருவார்.

உங்களுக்குக் கூடப் பிறந்தவர்கள் இருந்தால் அவர்களையும் கண் பரிசோதனைக்கு அனுப்புங்கள், இது குடும்பத்தில் வரும் நோய். அக்காவால் நானும் வருடம் ஒருமுறை அதே கிண்ணத்தில் முகத்தை வைக்கிறேன். அக்காவின் இடது கண்ணில் போன மாதம் அழுத்தம் 12. ஆபரேஷனுக்குப் பிறகு அந்தக் கண்ணில் பெரிய மாற்றம் இல்லை. டெஸ்டுக்கு முந்தின இரவு இன்னும் அவளுக்குத் தூக்கம் பிடிப்பதில்லை. பத்து மணிக்குமேல் போன் வரும், எடுத்துப் பேசிக்கொண்டிருப்பேன். உங்களுக்கும் அப்படி எடுத்துப் பேச ஒருவரை இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.